பதுளைக்கு வண்டில் கட்டிப் போனவர்: ஒரு சாதாரணக் குடும்பத்தின் தடம் தேடி

எங்கள் உம்மும்மா 1991இல் மௌத்தாகும் வரைக்கும் தன் வாப்பாவைப் பற்றி ஒரேயொரு வசனம்தான் பேசினார். "அவரு எங்களெ உட்டுட்டுப் போன மனிசன், மனே." அதற்கு மேல் கேட்டால் பாக்குரலை இழுத்து வைத்து இடிக்கத் தொடங்கிவிடுவார். பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த ஒரு வசனம் எங்கள் குடும்பத்தில் நூறு வருடமாக இருந்தது. வீட்டில் மௌத்தானவர்களின் பெயர் சொல்லி துஆக் கேட்கும்போது அவர் பெயர் மட்டும் வராது. அவருடைய தம்பியின் வழியினர் பக்கத்தூரில்தான் இருக்கிறார்கள். கல்யாணம், ஜனாஸா என்று சந்தித்தால் ஸலாம் சொல்லிக்கொள்வோம். அதற்கு மேல் போக்குவரத்து இல்லை. ஏன் இல்லை என்று எங்கள் தலைமுறையில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த மனிதரைத் தேடத் தொடங்கினேன். அவர் ஆலிமல்ல, மரைக்காரல்ல, போடியாருமல்ல. கல்வெட்டிலோ புலவரின் பாட்டிலோ வந்தவரல்ல. அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை அட்டாளைச்சேனையில் இருந்துகொண்டு எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும்? எந்தப் பத்திரம் உதவும், எது ஏமாற்றும்? மற்றவர்களும் தங்கள் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம் என்பதற்காகவே நான் போன வழியை இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். அது குடும்பத்தாரின் விருப்பம்.

முதலில் சனது

நம்முடைய முன்னோர் ஒரு செய்தியை ஏற்பதற்கு முன் அதைச் சொன்னவர் யார் என்று கேட்டார்கள். அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, இடையில் ஆள் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். அஸ்மாஉர் ரிஜால் என்ற பெருங்கலை அப்படித்தான் வளர்ந்தது. குடும்ப வரலாற்றுக்கு அந்த அளவு இறுக்கம் தேவையில்லை. ஆனால் கேள்வி அதேதான்.

"உட்டுட்டுப் போன மனிசன்" என்ற செய்தியை எங்களுக்குச் சொன்னவர் உம்மும்மா. வாப்பா போகும்போது அவர் கைக்குழந்தை. அப்படியென்றால் அவர் பார்த்ததைச் சொல்லவில்லை, கேட்டதைத்தான் சொன்னார். யாரிடம் கேட்டார்? தாயும் அதே காலத்தில் இறந்துபோக, அவரை வளர்த்தது தாயின் தங்கை, அதாவது அவருடைய சாச்சி. அந்தச் சாச்சியின் மகள் ஒருவர் அப்போது உயிரோடிருந்தார். தொண்ணூறு வயது கடந்தவர், எங்களுக்கு அவரும் உம்மும்மா முறைதான். ஒருநாள் அஸருக்குப் பிறகு போய்க் கேட்டேன்.

"அவரு வதுளைக்கு வண்டில் கட்டிப் போனவரு, மனே. கருவாடு, உப்பெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறது. போனவரு வரல்ல. எங்கட உம்மா அப்பிடித்தான் செல்லுவா."

"உட்டுட்டுப் போனாருண்டு செல்லல்லியா?"

"அப்பிடிச் செல்லி நான் கேட்டதில்ல. வரல்லண்டுதான் செல்லுவா."

அந்த மனிதரைக் கண்ணால் கண்ட சாச்சி சொன்னது "வரல்ல" என்பது மட்டும். "உட்டுட்டுப் போனாரு" என்பது பின்னால் வந்த சொல். ஹதீஸ் கலையில் சொல்வதானால் எங்கள் குடும்பச் செய்தி முன்கதிஃ, இடையில் அறுந்தது. இந்த ஒரு வேறுபாடு தெரிந்த பிறகுதான் பத்திரங்களைத் தேடிப் போவதில் அர்த்தம் வந்தது. அந்தப் பெரியவர் மூன்று மாதத்தில் வஃபாத்தானார். நான் போனது பிந்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு முதல் வரியே இருந்திருக்காது.

தகரப் பெட்டி

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்பாறைக் கரையில் எத்தனையோ வீடுகளின் பத்திரங்கள் ஆட்களோடு சேர்ந்து போயின. எங்கள் உம்மாவின் தகரப் பெட்டி மெயின் ரோட்டுக்கு மேக்கால இருந்த வீட்டில் இருந்ததால் தப்பியது. அதற்குள் உம்மும்மாவின் அடையாள அட்டை, ஒரு பழைய கூப்பன் புத்தகம், மடிப்பில் கிழிந்த ஓர் உறுதி, அட்டை போன ஒரு கிதாபு ஆகியவை இருந்தன.

அடையாள அட்டை 1972 முதல் வழங்கப்பட்டது. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். உம்மும்மாவின் இலக்கம் 18501 என்று தொடங்கியது. 1918ஆம் வருடம், முதலாம் நாள், பெண். ஜனவரி முதலாம் திகதியை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவருக்குப் பிறப்புப் பதிவு இருக்கவில்லை. உத்தேச வயதுப் பத்திரம் எடுத்துத்தான் அட்டைக்கு விண்ணப்பித்தார்கள். ஆகவே அந்தத் திகதி ஓர் உத்தியோகத்தர் போட்ட திகதி. வருடத்தை மட்டும் ஏறக்குறைய எடுத்துக்கொள்ளலாம்.

கிதாபின் கடைசிப் பக்கத்தில் அறபுத் தமிழில் மூன்று வரி இருந்தது. அறபெழுத்தாக இருந்ததால் வீட்டில் அதை ஓதல் என்றே நினைத்திருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தால் ஒரு பெண்ணின் பெயர், அவருடைய வாப்பாவின் பெயர், "மௌத்து ஹிஜ்ரி 1337 ஸபர் பிறை 5" என்று வந்தது. உம்மும்மாவின் தாய்தான் அது.

ஹிஜ்ரி வருடத்தை ஏறக்குறைய மாற்ற ஓர் எளிய கணக்கு உண்டு. ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்ட வேண்டும். 1337க்கு 1918.9 வருகிறது. அட்டவணையைப் பார்த்தால் ஸபர் பிறை 5, 1918 நவம்பர் 10ஐ ஒட்டி வரும். பிறை கண்டதைப் பொறுத்து ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகலாம்.

1918இன் கடைசி மாதங்கள் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகமெங்கும் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல் கோடிக்கணக்கானோரைக் கொண்டுபோன காலம் அது. இலங்கையிலும் 1918இன் இறுதியிலும் 1919இன் தொடக்கத்திலும் பரவியது. வாலிபர்களையும் இளந்தாய்மாரையும் அதிகமாக எடுத்த நோய் அது.

பதிவுப் புத்தகங்கள்

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கி, 1897இல் கட்டாயமாக்கப்பட்டது. கட்டாயம் என்று சட்டம் சொன்னாலும் எல்லோரும் பதிந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். உம்மும்மாவின் தாயின் மரணத்தைத் தேடி நம்முடைய பகுதிப் பதிவேட்டுக்கு விண்ணப்பித்தேன். தேடியும் கிடைக்கவில்லை என்றே கடிதம் வந்தது. பதிவில் இல்லாததால் அந்த மரணம் நடக்கவில்லை என்றாகாது. அந்தப் பெண்ணின் மரணத்துக்கு இன்று உலகத்தில் இருக்கும் ஒரே எழுத்துச் சாட்சி அட்டையில்லாத அந்தக் கிதாபுதான்.

தேடப் போகிறவர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைத்திருக்க வேண்டும். ஒன்று, அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிறந்தது. அதற்கு முந்திய நமது காரியமெல்லாம் மட்டக்களப்புக் கச்சேரியின் கீழ் நடந்தவை. இரண்டு, கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்புகள் இருப்பதைக் கேள்விப்பட்டு நம்மவர் சிலர் ஆவலோடு போகிறார்கள். அவை கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பகுதிகளுக்காக எழுதப்பட்டவை. நமது கரைக்கு அதில் வழியில்லை.

மூன்றாவது பெயர். முகம்மது, முஹம்மது, மொஹமது எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம். நம்முடைய லெவ்வை ஆங்கிலத்தில் எழுதி மறுபடி தமிழுக்கு வரும்போது லெப்பே ஆகிவிடும். ஒரே ஊரில் ஒரே காலத்தில் பத்து ஆசியா உம்மா இருப்பார்கள். ஆகவே பெயர் ஒத்துப்போனது என்பதற்காக ஆளைப் பிடித்துவிடக் கூடாது. வாப்பாவின் பெயர், தொழில், வயது, வளவு ஆகியவற்றில் இரண்டாவது ஒத்து வர வேண்டும்.

நம்முடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனின் பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் கேட்கும் கூடு இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் வழியைப் பார்த்ததால் வந்த கூடு அது. வாப்பாவின் வாப்பாவைத் தேடுவோருக்கு அது பெரிய உதவி. என்னைப் போல் தாயின் வழியைத் தேடுவோருக்கு அது பயன்படாது.

தாய்வழியைச் சொல்லும் உறுதி

தாய்வழிக்கு நமது கரையில் வேறொரு கதவு இருக்கிறது. அதுதான் காணி உறுதி.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி தாய்வழி. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார். வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குச் சீதனமாகப் போகின்றன. பக்கத்து அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி இதை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணி கைமாறுவது நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மற்ற இடங்களில் பதிவேட்டில் காணாமல் போகும் சாதாரணப் பெண் நமது கரையில் உறுதியில் நிற்கிறாள், பெயரோடும் வாப்பாவின் பெயரோடும் பெருவிரல் அடையாளத்தோடும்.

பெட்டியில் இருந்த உறுதி 1938இல் எழுதப்பட்டது. உம்மும்மாவின் கல்யாணத்துக்குச் சாச்சியார் வளவைக் கொடுத்த உறுதி. இப்படியான உறுதியில் மூன்று இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலாவது, காணி எப்படிக் கிடைத்தது என்ற உரித்து வரலாறு. அதில் "எனது காலஞ்சென்ற சகோதரி" என்று உம்மும்மாவின் தாயின் முழுப்பெயர் இருந்தது. கிதாபில் இருந்த அதே பெயர், அதே வாப்பா பெயர். இரண்டாவது, நான்கு எல்லை. யாருடைய வளவு எந்தப் பக்கம் என்று அயலவர் பெயரெல்லாம் அங்கே இருக்கும். அந்தக் காலத்துத் தெருவையே வரைந்துவிடலாம். தெற்கு எல்லைக்காரரின் பெயரைக் குறித்து வைத்தேன், பின்னால் அது பெரிதும் உதவியது. மூன்றாவது, காணிப் பதிவகத்தின் தொகுதி, பக்க இலக்கம். அதைக் கொண்டு இன்னும் பழைய உறுதிக்குப் போகலாம்.

சாச்சி தன் சொந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கக்கூடிய வளவை அநாதைப் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்தார் என்பதும் இந்த உறுதியால்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் கையெழுத்து வைக்கத் தெரியாதவர். அந்தப் பெருவிரல் அடையாளத்தை உம்மாவிடம் காட்டினேன். உம்மா அதன் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

வலி யார்?

முஸ்லிம் விவாகப் பதிவுக்கு 1886இலேயே சட்டம் வந்தது. காழி நீதிமன்ற ஏற்பாட்டோடு கூடிய 1929ஆம் ஆண்டுச் சட்டம் 1937இல் நடைமுறைக்கு வந்தது. இன்றுள்ளது 1951ஆம் ஆண்டுச் சட்டம். உம்மும்மாவின் நிக்காஹ் 1938. அதன் பதிவுப் பிரதியைக் கேட்டு எடுத்தேன். மஹர் தொகையும் சாட்சிகளின் பெயரும் பார்க்க ஆவலாக இருந்தது. ஆனால் என் கண் நின்றது வலியின் பெயரில். வலியாக நின்றவர் பெண்ணின் வாப்பாவுடைய தம்பி.

ஷாஃபிஈ மத்ஹபைத் தெரிந்தவர்களுக்கு இதன் பாரம் விளங்கும். வாப்பா உயிரோடு தூரத்தில் இருந்தால் அவருடைய உரிமை அடுத்த உறவினருக்கு இறங்காது, காழியின் கைக்குப் போகும். வாப்பா மௌத்தாகியிருந்து, பாட்டனும் சகோதரனும் சகோதரனின் மகனும் இல்லாதபோதுதான் வாப்பாவின் சகோதரன் வலியாக நிற்க முடியும். நிக்காஹ் முடித்து வைத்த லெவ்வைக்கும் முன்னால் இருந்த ஊராருக்கும் இது தெரியாதிருக்க நியாயமில்லை.

அப்படியானால் 1938இல் ஊர் அவரை ஓடிப்போனவராக எண்ணவில்லை, மௌத்தானவராகவே எண்ணியது. இந்த ஊகத்தோடுதான் பதுளைக்கு விண்ணப்பம் போட்டேன்.

பதுளைப் பதிவு

மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும், சொந்த ஊரில் அல்ல. இதை அறியாமல் பலர் தங்கள் ஊர்ப் பதிவேட்டில் தேடிக் கைவிட்டுவிடுகிறார்கள். திகதி தெரியாவிட்டால் எந்தக் காலத்துக்குள் தேட வேண்டும் என்று எழுத வேண்டும். கிதாபு தந்த திகதியை வைத்து 1918 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்று எழுதினேன். முதல் தடவை இல்லை என்று வந்தது. பெயரை வேறு எழுத்துக்கூட்டில் எழுதி இரண்டாம் தடவை அனுப்பினேன். ஏழு வாரத்தில் பிரதி வந்தது.

1918 அக்டோபர் 23. ஆண், சோனகர், வயது 26, வண்டில்காரர். மரணத்துக்குக் காரணம் காய்ச்சல்.

இது அவர்தான் என்று எப்படிச் சொல்கிறேன்? பெயரும் வாப்பா பெயரும் ஒத்து வருகின்றன, ஒரு எழுத்து மட்டும் மாறி. தொழிலும் இடமும் அந்தப் பெரியவர் சொன்னதோடு ஒத்து வருகின்றன. எல்லாவற்றையும் விட, மரணத்தை அறிவித்தவரின் பெயர்தான் பெரிய சாட்சி. அது எங்கள் உறுதியில் தெற்கு எல்லையில் இருந்த அயலவரின் பெயர். இருவரும் சேர்ந்து வண்டில் கட்டிப் போயிருக்கிறார்கள். ஒருவர் மற்றவரை அங்கே அடக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அவர் செய்தியோடு ஊருக்கு வந்து சேர்ந்தபோது இங்கே மனைவி காய்ச்சலில் கிடந்திருக்க வேண்டும், அல்லது அதற்குள் மௌத்தாகியிருக்க வேண்டும். இரு மரணங்களுக்கும் இடையில் பதினெட்டு நாள்தான். இருவரையும் அந்த இன்ஃபுளுவென்சாதான் எடுத்தது என்று பதிவு சொல்லவில்லை, "காய்ச்சல்" என்று மட்டும் சொல்கிறது. காலமும் வயதும் அந்தப் பக்கமே காட்டுகின்றன. அவ்வளவுதான் சொல்லலாம்.

எப்படித் திரிந்தது?

உண்மையை அறிந்தவர்கள் இருந்த ஊரில் இது எப்படி "உட்டுட்டுப் போன" கதையாகியது? குடி முறையில்தான் எனக்கு விடை தெரிகிறது. அநாதையான பிள்ளை தாயின் குடி, தாயின் தங்கை வீட்டில் வளர்ந்தது. வாப்பாவின் ஆட்கள் வேறு குடி, வேறு ஊர். 1938இல் சிறிய தந்தை வலியாக வந்து நின்றார். அவர் மௌத்தான பின் அந்தக் கயிறு தளர்ந்தது. சாச்சியின் வாயில் இருந்தது "வரல்ல" என்ற ஒரு சொல். வாப்பா எங்கே என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளையின் காதில் "வரல்ல" என்பது "வர விரும்பல்ல" என்று விழுந்திருக்கிறது. பொய் சொன்னவர் எவருமில்லை.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலன் கோர்பன் ஒரு சுவடிக்கூடத்துப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரைத் தொட்டது போல் தெரிவு செய்தார். லூயி-பிரான்சுவா பினாகோ, 1798 முதல் 1876 வரை வாழ்ந்த, எழுதத் தெரியாத ஒரு மரச்செருப்புத் தொழிலாளி. அவர் ஒரு கடிதம்கூட விட்டுச் செல்லவில்லை. ஆனால் அவரைச் சுற்றியிருந்த காடு, கூலி, வரி, அயலவர் ஆகியவற்றைக் கொண்டு 1998இல் ஒரு முழு நூலையே எழுதினார் கோர்பன். நம்முடைய வண்டில்காரருக்கு அவ்வளவும் செய்ய என்னால் முடியாது. ஆனால் அவரை ஓர் அவதூறிலிருந்து எடுத்துவிட நான்கு தாள் போதுமாக இருந்தது.

உறவுகளைச் சேர்ந்து வாழும் அளவுக்காவது உங்கள் வமிசத்தை அறிந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் திர்மிதியில் ஒரு ஹதீஸ் உண்டு. அதில் பெருமை பேசுவதற்கு இடமில்லை, சேர்ந்து வாழ்வதற்கே இடமிருக்கிறது.

வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள். வீட்டில் எண்பது கடந்தவர் இருந்தால் இந்தக் கிழமையே போய் உட்காருங்கள், "ஒங்களுக்கு இதெ ஆரு செல்லின?" என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். பழைய உறுதிகளைக் காணி விற்றதும் எறிந்துவிடாதீர்கள், எல்லை விபரத்தைப் படம் பிடித்து வையுங்கள். பழுதான கிதாபுகளைக் கண்ணியமாகப் புதைக்கிறோம், நல்லது. புதைப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

பதுளைப் பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது உம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். "இருவத்தாறு வயசா?" என்று கேட்டார். பிறகு, "எங்கட உம்மாக்கு இது தெரியாமப் போச்சே, மனே" என்றார். அன்று மஃரிபுக்குப் பிறகு துஆவில் முதல் தடவையாக அந்தப் பெயர் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பிரதியை எடுத்துக்கொண்டு பக்கத்தூருக்குப் போனேன். அவருடைய தம்பியின் பேரப்பிள்ளைகள் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்த கதை வேறு. அண்ணனுடைய பிள்ளையைத் தங்களுக்குத் தராமல் எங்கள் ஆட்கள் மறைத்து வைத்துக்கொண்டார்கள் என்பதே அவர்கள் கேட்டு வளர்ந்தது. அதன் சனதை இப்போது சேர்ந்து தேடுகிறோம்.